குதித்தது கதாநாயகி அல்ல!

சினிமாவில் கதாநாயகி மாடியிலிருந்து குதிக்கிறாள். குதிரை வண்டியைக் காற்றாய்ப் பறக்க விடுகிறாள். எரிகிற வீட்டுக்குள் ஓடிக் குழந்தையைத் தூக்கி வருகிறாள். நாம் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்கிறோம். காட்சி முடிந்ததும் அவள் முகத்தை அருகில் காட்டுகிறார்கள். பொட்டுகூடக் கலையவில்லை! எப்படிக் கலையும்? குதித்தது அவள் இல்லையே!

குதித்தவளுக்குச் சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டூப்'. டூப் போட்டவள் யார், எந்த ஊர், அடிபட்டால் அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வது யார் என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாதபடி செய்வதுதான் அவளுடைய வேலையே! முகம் தெரிந்துவிட்டால் 'ஷாட்' வீண். இன்னொரு தடவை குதிக்க வேண்டியதுதான்.

அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டே பெயர் எடுத்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவருக்கு இரண்டு காதும் கேட்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டூப்பிலும் பல தினுசு

டூப் என்றால் சண்டைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதில் பல தினுசு உண்டு. லைட் வைத்துச் சரிபார்க்கும் வரையில் நடிகைக்குப் பதிலாக மணிக்கணக்கில் நிற்பவர் ஒரு வகை. கை, கால், முதுகு இவற்றை மட்டும் கொடுப்பவர் இன்னொரு வகை. விளம்பரங்களில் பாத்திரம் தேய்க்கும் அழகான கை, சிரிக்கிற நடிகையின் கையாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

நடனத்துக்கும் டூப் உண்டு. 1983-ல் வந்த 'ஃப்ளாஷ்டான்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தில் ஜெனிஃபர் பீல்ஸ் ஆடுவதைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. பெரும்பாலும் ஆடியது மரீன் ஜஹான் என்ற நடனமணி. தரையில் முதுகால் பம்பரம் போலச் சுழலும் இடத்தில் ஆடியது, விக் வைத்துக்கொண்ட ஒரு பையன்! மரீனின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம் பெறவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. 1975-ல் வெளிவந்த 'ஷோலே' படத்தில் ஹேமமாலினி குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு கொள்ளைக்காரர்களிடமிருந்து தப்பும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அதில் ஆபத்தான இடங்களில் வண்டியில் இருந்தவர் ரேஷ்மா பட்டான். ஹிந்திப் படவுலகின் முதல் ஸ்டண்ட் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய வாழ்க்கையே 2019-ல் ஒரு படமாக வந்தது.

இந்த ஸ்டண்ட் டூப் வகையைச் சேர்ந்தவர்தான் நான் சொல்ல வந்த கிட்டி ஓநீல்.

ஐந்து மாதக் குழந்தைக்கு வந்த ஜுரம்

கிட்டி 1946-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கார்பஸ் கிறிஸ்டி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா விமானப்படையில் அதிகாரியாக இருந்தவர். அம்மா பாட்ஸி, அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்து ஜுரம் கொதித்தது. குழந்தை பிழைத்தது. காது போய்விட்டது.

அது உடனே யாருக்கும் தெரியவில்லை. கைக்குழந்தை கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் 'விளையாட்டில் கவனமாக இருக்கிறது' என்றுதானே நாமும் நினைப்போம்? ஏறக்குறைய இரண்டு வயதில்தான், குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது அம்மாவுக்குத் தெரிய வந்தது. கிட்டி சிறுமியாக இருந்தபோதே அப்பா ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். காது கேளாத பெண் குழந்தையும் அம்மாவும் மட்டும் மிச்சம்.

அம்மாவே ஆசிரியை

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் இளம்பெண் இருக்கிறாள். அவள் பையனுக்கு இரண்டு வயது வரை பேச்சு வரவில்லை. "உன் புருஷனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான், எல்லாம் தன்னால வரும்" என்று மாமியார் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் சோதித்துப் பார்த்ததில் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. இப்போது பையன் காதுக்கருவி போட்டுக்கொண்டு பேச்சுப் பயிற்சிக்குப் போய் வருகிறான்.

அவளிடம் ஒரு நாள் கிட்டியின் கதையைச் சொன்னேன். பன்னிரண்டு மாடி, ராக்கெட் கார் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் குறுக்கே மறித்து, "அதெல்லாம் இருக்கட்டும் அக்கா. அவங்க அம்மா என்ன பண்ணாங்க? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள். பெற்றவளுக்கு அதுதானே முக்கியம்! ஆகவே உங்களுக்கும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாட்ஸி தன் மகளுக்குத் தானே ஆசிரியை ஆனார். உதட்டு அசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும், வாயைத் திறந்து பேசவும் பழக்கினார். இது சாமான்யமான காரியம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு 'பாலை', 'மாலை' என்று சத்தம் வராமல் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்! எது பாலை, எது மாலை என்பதைச் சொல்கிற சமயத்தையும், முகத்தையும், முன்னால் வந்த பேச்சையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேசக் கற்பதோ இன்னும் கஷ்டம். தன் குரலைத் தானே கேட்க முடியாத குழந்தை, சொல்லிக் கொடுப்பவரின் தொண்டையிலும் கன்னத்திலும் கையை வைத்து, அதிர்வைத் தொட்டுத் தொட்டு ஓசையைப் பிடிக்க வேண்டும். ஒரே சொல்லை நாள் கணக்கில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எத்தனை பொறுமை வேண்டும் பாருங்கள்!

மகளுக்காகக் கற்ற அந்த வித்தையை அந்த அம்மாள் மகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பேச்சுப் பயிற்சியாளராகி, டெக்ஸாஸில் விசிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில் காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்குவதிலும் பங்கு கொண்டார்.

கிட்டி பியானோவும் செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியமும்கூடக் கற்றுக்கொண்டார். காது கேட்காதவருக்குச் சங்கீதமா என்று ஆச்சரியமாக இருக்கும். விரலிலும் உடம்பிலும் படுகிற அதிர்வுதான் அவருக்குச் சங்கீதம்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உதட்டைப் படிப்பது ஒரு வழி. சைகை மொழியும் அதைப் போலவே முழுமையான ஒரு மொழி. எது தன் குழந்தைக்கு ஒத்துவரும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் நிபுணர்களைக் கலந்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

கிட்டி பிறந்த காலத்தில் தட்டம்மைக்குத் தடுப்பூசி கிடையாது. அமெரிக்காவில் அது வந்தது 1963-ல்தான். இன்று நம் ஊரில் அரசாங்க சுகாதார நிலையத்திலேயே தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசி போட்டதும் இரண்டாவதை மறந்துவிடக் கூடாது. அம்மை வந்தால் வேப்பிலை கட்டுவதும் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் நம் வழக்கம். இருக்கட்டும். கூடவே டாக்டரையும் பார்த்துவிட வேண்டும். தட்டம்மை காதையும், கண்ணையும், மூளையையும்கூடப் பாதிக்கக் கூடியது.

காதைச் சோதிக்கவும் இன்று வசதி இருக்கிறது. பிறந்த சில நாளிலேயே, குழந்தை தூங்கும்போது வலியில்லாமல் சோதித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பம் என்று நிபுணர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கதவு படார் என்று சாத்தும்போது குழந்தை திடுக்கிடுகிறதா? ஆறாவது மாதத்தில் குரல் வரும் பக்கம் தலையைத் திருப்புகிறதா? ஒன்றரை வயதாகியும் ஒற்றைச் சொல்கூட வரவில்லையா? சந்தேகம் வந்தால், 'தன்னால வரும்' என்று காத்திராமல் உடனே காட்டிவிடுங்கள். மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது அதுதான்.

நீச்சல் குளமும் நோய்ப் படுக்கையும்

கிட்டியின் கதைக்கு வருவோம். தண்ணீரில் குதிப்பதென்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். சிறு வயதிலேயே உயரத்திலிருந்து பாயும் 'டைவிங்' போட்டிகளில் பரிசுகள் வாங்கினார். 16 வயதில், 1962-ல், கலிஃபோர்னியாவுக்குப் போய் டாக்டர் ஸாமி லீயிடம் பயிற்சி பெற்றார். ஸாமி லீ 1948-லும் 1952-லும் ஒலிம்பிக்கில் டைவிங்கில் தங்கம் வென்றவர். அவர் டாக்டராக என்ன வைத்தியம் பார்த்தார் தெரியுமா? காது, மூக்கு, தொண்டை!

1964 ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுக்கும் சமயம் நெருங்கியது. கிட்டியின் மணிக்கட்டு முறிந்தது. அது போதாதென்று மூளைக்காய்ச்சல் வேறு வந்து படுக்கையில் தள்ளியது. இனி நடப்பதே சந்தேகம் என்ற நிலை. ஒலிம்பிக் கனவு அதோடு போயிற்று. ஆனால் படுக்கையை விட்டு எழுந்து நடந்தார். 1965-ல் காது கேளாதோருக்கான உலகப் போட்டிகளில் நீச்சலில் கலந்துகொண்டார்.

அதன் பிறகு டைவிங் அவருக்குச் சப்பென்று போய்விட்டது. தண்ணீரில் சறுக்குவது, விமானத்திலிருந்து பாரசூட்டில் குதிப்பது, மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று போனார். 1970-ல் தண்ணீர்ச் சறுக்கலில் மணிக்கு 104 மைல் வேகத்தைத் தாண்டிப் பெண்களில் சாதனை படைத்தார். முப்பது வயது ஆவதற்குள் புற்றுநோய்க்கு இரண்டு தடவை சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டதும் இந்தக் காலத்தில்தான். ஒரு மனுஷிக்கு இத்தனையா என்று நமக்குப் பெருமூச்சு வருகிறது.

விக் வைத்த ஆண்பிள்ளைகள்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கிட்டிக்கு ஹால் நீடம் முதலிய ஸ்டண்ட்காரர்கள் பழக்கம் ஆனார்கள். நீடமிடமும், உயரத்திலிருந்து விழுவதில் சூரரான டார் ராபின்சனிடமும் தொழில் கற்றார். விழுவது, தீயில் எரிவது, கார் உருள்வது எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. தைரியம் மட்டும் இருந்தால் ஒரு தடவை குதிக்கலாம். கணக்கும் தெரிந்தால்தான் இரண்டாவது தடவை குதிக்கலாம்.

அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் கதாநாயகிக்கு டூப் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஓர் ஆண்பிள்ளைக்கு விக் வைத்துப் பாவாடை மாட்டிவிடுவார்கள். 'பெண்களுக்கு இதெல்லாம் வராது' என்ற எண்ணம். இந்த வேலையில் இருந்த பெண்கள் 1967-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஆபத்தான பெரிய வேலைகள் மட்டும் ஆண்கள் கையிலேயே இருந்தன. 'ஸ்டண்ட்ஸ் அன்லிமிடெட்' என்று ஆண்கள் மட்டும் இருந்த பிரபல குழு ஒன்று. 1976-ல் அதில் சேர்ந்து வேலை செய்த முதல் பெண் கிட்டிதான்.

பெண் டூப்புக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கதாநாயகன் கோட்டும் கால்சட்டையும் போடுகிறான். அவனுடைய டூப் உள்ளே பஞ்சு வைத்த பட்டைகளை மாட்டிக்கொள்ளலாம். கதாநாயகி கையில்லாத ரவிக்கையும் குட்டைப் பாவாடையும் போட்டால், அவளுடைய டூப் பட்டையை எங்கே ஒளிப்பது? அதே உயரத்திலிருந்து, அதே தரையில், தோலும் எலும்புமாகத்தான் விழ வேண்டும்!

கிட்டி டூப் போட்ட டி.வி. தொடர்களில் ஒன்று 'பயானிக் வுமன்'. 1976-லிருந்து 1978 வரை அமெரிக்காவில் ஓடியது. விபத்தில் அடிபட்ட ஒரு பெண்ணுக்கு எந்திரக் கால்கள், எந்திரக் கை பொருத்திவிடுகிறார்கள். அதோடு, வெகு தூரத்துப் பேச்சையும் கேட்கக்கூடிய ஓர் எந்திரக் காதும்! அந்த அபூர்வக் காது படைத்த கதாநாயகிக்குப் பதிலாகக் குதித்தவர், ஒரு சத்தமும் கேட்காத கிட்டி. படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

மூன்று விநாடி

லிண்டா கார்ட்டர் என்ற அழகி நடித்த 'வொண்டர் வுமன்' அந்த நாளில் வெகு பிரபலமான தொடர். லிண்டாவுக்கு வழக்கமாக டூப் போட்டவர் ஜீனி எப்பர். மிகப் பெரிய குதி ஒன்று வந்தபோது கிட்டியை அழைத்தார்கள். 1979-ல் கலிஃபோர்னியாவில் ஷெர்மன் ஓக்ஸ் என்ற இடத்தில், பன்னிரண்டு மாடி ஹோட்டல் ஒன்றின் மேலிருந்து விழ வேண்டும். உயரம் 127 அடி.

கீழே காற்று நிரப்பிய பெரிய மெத்தை இருக்கும். மெத்தை இருந்தால் பயம் என்ன என்று நினைப்போம். பன்னிரண்டாவது மாடியிலிருந்து பார்த்தால் அந்த மெத்தை ஒரு கைக்குட்டை அளவுதான் தெரியும். விழும் நேரம் ஏறக்குறைய மூன்று விநாடி. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். நடு மெத்தையில் விழ வேண்டும், அதுவும் முதுகால் விழ வேண்டும். காலால் விழுந்தால் கால் முறியும். தலை முந்தினால் கழுத்து முறியும். ஓரத்தில் விழுந்தால் பிழைப்பது கடினம். ஆகவே காற்றில் இருக்கும் அந்த மூன்று விநாடிக்குள் உடம்பைச் சரியாகத் திருப்ப வேண்டும். நீச்சல் குளத்தில் பெண்ணாகக் கற்ற டைவிங் வித்தை இங்கேதான் கை கொடுத்தது.

கிட்டி 5 அடி 2 அங்குல உயரம், 44 கிலோ எடை. இப்படி ஒல்லியான சின்ன உடம்பு அடியைத் தாங்குவதற்கு அனுகூலம் என்பார்கள். காது கேட்பவர்களுக்கு 'ஆக்‌ஷன்!' என்ற குரல் போதும். இவருக்கு உதட்டசைவோ கையசைவோ கண்ணில் பட்டாக வேண்டும். ஆனால் கூட்டத்தின் இரைச்சலோ, யாரோ பதறிக் கத்துவதோ அவர் கவனத்தைக் கலைக்காது.

அன்று கிட்டி விழுந்தது பெண்களில் அதுவரை யாரும் விழாத உயரம். பிறகு ஹெலிகாப்டரிலிருந்து 180 அடி விழுந்து தம் சாதனையைத் தாமே முறியடித்தார். டி.வி.யில் பார்த்தவர்கள் வியந்தது வொண்டர் வுமனை!

சொந்தப் பெயருக்கு ஒரு நாள்

டூப் என்றால் பிறர் பெயரில் உழைப்பது. ஆனால் கிட்டி தம் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு ஒரு காரியம் செய்த நாளும் உண்டு. அதைச் சொல்ல, நான் சற்றுப் பின்னால், 1976-க்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் ஆல்வர்ட் பாலைவனம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிய இடம். தோசைக்கல் மாதிரி சமதளம். அங்கே பில் ஃப்ரெட்ரிக் என்பவர் வடிவமைத்த மூன்று சக்கர ராக்கெட் கார் ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். கார் என்று பெயர்தான், பார்க்க நீள ஊசி மாதிரி இருக்கும். பெண்களில் நிலத்தின் மேல் அதிவேகமாகப் போன சாதனை அப்போது லீ பிரீட்லவ் என்ற பெண்மணியிடம் இருந்தது. 1965-ல் அவர் போனது மணிக்கு 308 மைல், அதாவது 496 கிலோமீட்டர்.

1976 டிசம்பர் 6-ந் தேதி கிட்டி அந்தக் காரில் ஏறினார். போகும்போது ஒரு ஓட்டம், திரும்பும்போது ஒரு ஓட்டம், இரண்டுக்கும் சராசரி எடுப்பது முறை. கிட்டியின் சராசரி மணிக்கு 512 மைலுக்கு மேல். கிலோமீட்டரில் 825. நம் சென்னையில் கிளம்பினால் மதுரை போக முக்கால் மணிகூட ஆகாத வேகம்! நடுவில் ஒரு கட்டத்தில் ஆயிரம் கிலோமீட்டரையும் தொட்டார் என்பார்கள். இத்தனைக்கும் எந்திரத்தின் சக்தியில் சுமார் 60 சதவீதம்தான் உபயோகித்திருந்தார்.

ஆண் பெண் எல்லோருக்கும் சேர்த்து அப்போதிருந்த உலக சாதனை, கேரி கேபலிச் என்பவர் 1970-ல் ஓட்டிய 622 மைல். முழு சக்தியையும் முடுக்கினால் கிட்டி அதையும் தாண்டியிருக்கலாம். கார் தயார். அவரும் தயார். ஆனால் இறங்கச் சொல்லிவிட்டார்கள்!

ஏன்? ஒப்பந்தத்தில் கிட்டிக்கு எழுதியிருந்தது பெண்கள் சாதனை மட்டும். எல்லோருக்குமான உலக சாதனைக்கு முயலும் உரிமை ஹால் நீடமுக்கு. ஆம், கிட்டிக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவரான அதே நீடம்தான். அவரை வைத்து வியாபாரம் செய்யப் பணம் போட்டவர்களின் ஏற்பாடு அப்படி. கிட்டியின் தரப்பில் சட்டப்படி முயன்றும் பலிக்கவில்லை. நீடமும் கடைசியில் அந்த உலக சாதனையைச் செய்யவில்லை. கார் சும்மா நின்றதுதான் மிச்சம்.

கிட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கவில்லை. தொழிலைத் தொடர்ந்தார். 1980-ல் நீடம் டைரக்ட் செய்த 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' இரண்டாம் பாகத்திலும் ஸ்டண்ட் வேலை செய்தார்! வேலை வேறு, மனஸ்தாபம் வேறு என்று வைத்திருந்தாரோ, வயிற்றுப்பாட்டைப் பார்த்தாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். நம் பெண்களிலும் எத்தனையோ பேர், தட்டைப் பறித்தவர் வீட்டிலேயே மறுநாள் பரிமாறப் போகிறார்கள் இல்லையா?

முகம் தெரிந்தது

1978-ல் கிட்டியின் உருவத்தில் குழந்தைகளுக்கு ஒரு பொம்மை வெளிவந்தது. மஞ்சள் உடை போட்ட பொம்மை. 1979-ல் அவருடைய வாழ்க்கையை 'ஸைலன்ட் விக்டரி' என்ற பெயரில் டி.வி. படமாக எடுத்தார்கள். கிட்டியாக நடித்தவர் ஸ்டாக்கார்ட் சானிங். எத்தனையோ நடிகைகளாக நடித்த கிட்டியாக ஒரு நடிகை நடித்தார்!

1982-ல் கிட்டி தொழிலை விட்டார். கூட வேலை செய்த சிலர் ஸ்டண்ட் செய்யும்போதே இறந்துபோனது காரணம். மூளைக்காய்ச்சலுக்கும் புற்றுநோய்க்கும் தப்பியவர், போதும் என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருந்தார். அதுவும் ஒரு தைரியம்தானே? பிறகு தெற்கு டகோடா மாநிலத்தில் யுரீக்கா என்ற சின்ன ஊருக்குப் போய் அமைதியாக வாழ்ந்தார். 2018 நவம்பர் 2-ந் தேதி, 72-வது வயதில் காலமானார்.

பாலைவனத்தில் அவர் செய்த சாதனை என்ன ஆயிற்று? அவர் உயிரோடு இருந்தவரை அதை எந்தப் பெண்ணாலும் முறியடிக்க முடியவில்லை. 2019 ஆகஸ்ட் 27-ந் தேதி, அதே ஆல்வர்ட் பாலைவனத்தில், ஜெஸ்ஸி கோம்ஸ் என்ற பெண் கார் ஓட்டுநர் 522 மைல் வேகம் போய் அதைத் தாண்டினார். அன்றைய ஓட்டத்திலேயே விபத்தில் உயிரையும் கொடுத்தார். அடுத்த ஆண்டு கின்னஸ் அந்தச் சாதனையை அங்கீகரித்தது. 42 ஆண்டுகளுக்கு மேல் நின்ற சாதனை, வெறும் பத்து மைல் வித்தியாசத்தில் கை மாறியது. கிட்டி ஓட்டியது எப்பேர்ப்பட்ட வேகம் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

டூப் போடுகிறவர்களுக்கும் மெள்ள விடிகிறது. பல ஆண்டுகளாக அவர்கள் கேட்டு வந்தபடி, ஸ்டண்ட் அமைப்புக்கென்று தனி ஆஸ்கார் விருது தரப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2027-ல் வெளியாகும் படங்களுக்கு, 2028 விழாவில் அதைத் தர ஏற்பாடு.

நம் வீட்டுக்கு எதை எடுத்துக்கொள்வது?

கிட்டியைப் பார்த்து நம் பெண்கள் பன்னிரண்டு மாடியிலிருந்து குதிக்க வேண்டாம்! ஸ்டண்ட் என்பது வருஷக்கணக்கில் பழகிச் செய்கிற தொழில். டி.வி.யில் பார்த்துவிட்டுக் குழந்தைகள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறினால் கண்டிக்கத்தான் வேண்டும். திரையில் விழுகிறவருக்குக் கீழே மெத்தை இருக்கிறது, அதைக் காட்டுவதில்லை என்று குழந்தைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது பாட்ஸி அம்மாளை. காது கேட்காத பெண்ணைப் பெற்றவர், கணவரை இழந்தவர், 'பாவம், இது எதற்கும் லாயக்கில்லை' என்று மகளைப் பொத்திப் பொத்தி மூலையில் உட்கார வைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் பிற்பாடு எந்த உயரத்தில் போய் நின்றபோதும், கீழே எப்படி வந்து சேருவது என்று கற்றுக்கொண்டுதான் ஏறினார்.

பெண் குழந்தை கொய்யா மரத்தில் ஏறினால் "இறங்குடி கீழே!" என்று கத்துவது நம் வழக்கம். கத்தினால் குழந்தை பதறும், பதறினால்தான் கை வழுக்கும். அடுத்த தடவை மரத்தடியில் போய் நின்று, "வலது காலை அந்தக் கிளையில வை, இடது கையை விடாதே" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். குழந்தை பத்திரமாக இறங்கும். இறங்கத் தெரிந்த குழந்தைக்கு ஏறவும் பயம் இருக்காது.